பக்க அழகும் பிறர் கண்ணும்

இதழின் பக்கத்தை அமைத்தவருக்கு அது அழகாகவே தோன்றும். அதன் குறையைக் காண்பது பிறர் கண்ணே. இதனை நன்குணர்ந்தவர் 'தாருல் இஸ்லாம்' ஆசிரியர் பா. தாவூத்ஷா (1885–1969) அவர்கள். தம் இதழில் அச்சுப்பிழை கண்டு தெரிவிப்போர்க்குப் பரிசு அறிவித்து, வாசகரையே பிழை திருத்துவோராக்கினார். 1924இல் கெய்ரோவில் வெளிவந்த திருக்குர்ஆன் பதிப்பும் அறிஞர் குழுவொன்று சரிபார்த்த பின்னரே அச்சேறியது.

இன்றைய நம் இதழ்கள் பலவற்றில் வண்ணம் மிகுந்துள்ளது. பிறர் சொற்கேட்கும் செவி குறைந்துள்ளது. அரபு எழுத்தை ஏற்காத கணினி மென்பொருளில் திருவசனத்தை இட்டால், எழுத்துகள் இணையாமல் உதிர்ந்து, வரிசையும் இடவலம் மாறிவிடுகிறது. வசனம் இரு வரிகளாக மடியுமிடத்தில் பின்பாதி மேலும் முன்பாதி கீழுமாய் நின்றுவிடுவதுமுண்டு. அரபு அறியாத வடிவமைப்பாளர் இதனைக் காண இயலாது. மதரஸா மாணவர் ஒருவரிடம் காட்டினால் நொடியில் சொல்லிவிடுவார். அழகில் நேரும் குறை பொறுக்கத்தக்கது. இறைவசனத்தின் சிதைவு பொறுக்கத்தக்கதன்று.

எனினும், எல்லார் சொல்லும் ஒரே எடையுடையதன்று. 'எழுத்துச் சிறிது, படிக்க இயலவில்லை' என்னும் முதியவர் சொல் வாசிப்போர் பயன் கருதியது, உடனே ஏற்கத்தக்கது. 'எம் விளம்பரத்தைக் கட்டுரையின் நடுவே இடுக' என்னும் புரவலர் சொல் தம் பயன் கருதியது, பணிவுடன் மறுக்கத்தக்கது. அரக்கோணம் சந்திப்பில் சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கற்பட்டுப் பாதைகள் யாவும் கூடுகின்றன. ஆயினும் ஒரு தடத்தில் ஒரு நேரம் ஒரு வண்டிக்கே வழிவிடுவர். ஆசிரியரும் அனைவர் சொல்லையும் கேட்பாராக. பக்கத்தை வாசகர் பொருட்டே அமைப்பாராக.