எத்தனை நாளாக ஓடுகிறது?

லினக்ஸ் சர்வருக்குள் நுழைந்ததும் நிர்வாகிகள் பலரும் முதலில் தட்டுவது ‘அப்டைம்’ என்ற கட்டளையைத்தான். ஒரே வரியில் பதில் வரும். இப்போது மணி என்ன, கணினி எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது, எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், கடந்த 1, 5, 15 நிமிடங்களில் வேலைப்பளு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் கண் போய் நிற்பது நாள் கணக்கில். 400, 700, 1000 என்று ஏறும் அந்த எண், சர்வரைப் பார்த்துக்கொள்பவரின் திறமைக்குச் சான்று என்று வெகுகாலம் கருதப்பட்டது. நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். இன்று என் கருத்து வேறு. அந்த எண்ணைத் தினமும் பார்க்க வேண்டும். அதை வளர்க்க நினைப்பதுதான் தவறு.

முதலில் அதன் பயனைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை 212 நாள் என்று காட்டிய கணினி இன்று காலை 5 மணி நேரம் என்று காட்டினால், இரவில் ஏதோ நடந்திருக்கிறது. மின்சாரம் போயிருக்கலாம், மெமரி பழுதாகியிருக்கலாம், இயங்குதளத்தின் கருவான கர்னல் விழுந்திருக்கலாம், யாரோ கேட்காமல் ரீபூட் செய்திருக்கலாம். யாரும் வந்து சொல்லப்போவதில்லை, எண்தான் சொல்கிறது. விண்டோஸிலும் இதற்கு வழி உண்டு. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அப்டைம் தெரியும். ஈவென்ட் லாகில் 6008 என்ற எண் இருந்தால் கணினி முறையாக நிறுத்தப்படாமல் அணைந்தது என்று பொருள். 6013 என்ற பதிவில், கணினி எத்தனை விநாடியாக ஓடுகிறது என்று விண்டோஸே குறித்து வைக்கும். ‘நேற்று ராத்திரி என்ன ஆனது?’ என்ற கேள்விக்கு, ஊகம் செய்யாமல் நேரத்தோடு பதில் சொல்ல வைப்பவை இந்தப் பதிவுகள்.

ஆனால் அந்த எண்ணே எப்போதும் உண்மை பேசுவதில்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், பயனரின் வேலைகள் மூடப்படும், கர்னலோ அப்படியே வட்டில் எழுதி வைக்கப்பட்டு மறுநாள் மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும். அதனால் தினமும் இரவு அணைத்துவிட்டுப் போகிறவரின் கணினியிலும் அப்டைம் 20 நாள் என்று காட்டும். கணினி மெதுவாக இருக்கிறது என்று அவர் புகார் சொல்வார், ‘ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா’ என்று உதவியாளர் கேட்பார், ‘தினமும்தான் அணைக்கிறேனே’ என்பார் அவர். இருவர் சொல்வதும் உண்மை. ரீஸ்டார்ட் என்ற பொத்தானை அழுத்தினால் மட்டுமே கர்னல் புதிதாகத் தொடங்கும் என்பதை இருவருக்கும் யாரும் சொல்லவில்லை.

நீண்ட அப்டைமைப் பெருமையாகக் கொள்வதில் உள்ள முதல் குறை எல்லோருக்கும் தெரிந்ததே. கர்னலில் உள்ள பாதுகாப்பு ஓட்டையை அடைத்தால், பெரும்பாலும் ரீபூட் செய்த பிறகே அந்தத் திருத்தம் செயலுக்கு வரும். ஓடும்போதே கர்னலைத் திருத்தும் வசதி 2015-இல் வெளிவந்த லினக்ஸ் 4.0-இல் சேர்ந்தது. எல்லாத் திருத்தத்துக்கும் அது ஒத்துவராது, எல்லா இடத்திலும் அது அமைக்கப்பட்டிருப்பதும் இல்லை. ஆகவே 1000 நாள் என்று காட்டும் சாதாரண சர்வரைப் பார்த்தால், ஏறத்தாழ மூன்று வருடமாக இதன் கர்னலுக்கு எந்தத் திருத்தமும் போய்ச் சேரவில்லை என்றே நான் முதலில் நினைப்பேன்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. அதிகம் பேசப்படாததும் அதுதான். நேரத்தை எண்ணும் எண்ணியே ஒரு நாள் நிரம்பிவிடும். கணினி தொடங்கியதிலிருந்து கடந்த மில்லிசெகண்டுகளை 32 பிட் இடத்தில் எண்ணினால் 4,294,967,296-க்கு மேல் இடமில்லை. அது 49 நாள் 17 மணி நேரம் சொச்சம். விண்டோஸ் 95-உம் 98-உம் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் உறைந்துபோகும் என்று மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது இதனால்தான். பழைய லினக்ஸ் விநாடிக்கு 100 முறை எண்ணியது. அதே 32 பிட்டில் அது 497 நாளில் நிரம்பி, அப்டைம் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒரு வருடத்துக்கு மேல் பாதுகாத்த எண் ஒரே நொடியில் காணாமல் போன நிர்வாகிகள் உண்டு. அவர்களுக்கு அதனால் வேறு நஷ்டமில்லை. மற்ற இடங்களில் அப்படி முடியவில்லை.

2004 செப்டம்பர் 14. லாஸ் ஏஞ்சலஸ் வட்டார வான்வெளியை ஆளும் பாம்டேல் கட்டுப்பாட்டு மையத்தில் விமானிகளோடு பேசும் ரேடியோ அமைப்பு திடீரென்று செத்தது. கட்டுப்பாட்டாளர்களின் திரையில் விமானங்கள் தெரிந்தன, ஆனால் ஒருவரோடும் பேச முடியவில்லை. ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீடித்த இந்தத் தடையில், சில விமானங்கள் ஒன்றுக்கொன்று இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளியைவிட நெருங்கின. மோதல் நிகழவில்லை. தடைக்குக் காரணம் அந்த எண்ணிதான். பழைய யூனிக்ஸ் அமைப்புக்குப் பதிலாக வைத்த விண்டோஸ் கணினியின் மென்பொருள் மில்லிசெகண்டுகளைக் கீழ்நோக்கி எண்ணியது, 49.7 நாளில் பூஜ்யம் வந்து நின்றுபோகும். இந்தக் குறை முன்பே தெரிந்திருந்தது. அதற்கு அவர்கள் வைத்த மருந்து, 30 நாளுக்கு ஒருமுறை ஒரு தொழில்நுட்பப் பணியாளர் கையால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பது. அந்த முறை அது நடக்காமல் போனது. துணைக்கு இருந்த மாற்று அமைப்பும் எழுந்த சற்று நேரத்தில் விழுந்தது.

மறந்த பணியாளரைக் குற்றம் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. நூற்றுக்கணக்கான உயிர்களின் பாதுகாப்பை ஒரு மனிதரின் காலண்டர் நினைவில் தொங்கவிட்டதே குற்றம். அங்கே அப்டைம் 30-ஐத் தாண்டியதும் எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டும். அந்த எண்ணைக் கண்காணிப்பதன் உண்மையான பயன் அதுதான். தாண்டக்கூடாத எல்லையை அது நெருங்கும்போது நமக்குத் தெரிய வேண்டும்.

இதைவிடக் கொடிய உதாரணம் 1991 பிப்ரவரி 25-இல் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நடந்தது. எதிரி ஏவுகணைகளை இடைமறிக்க அங்கிருந்த பேட்ரியட் ஏவுகணைத் தளத்தின் கணினி சுமார் 100 மணி நேரமாகத் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அது நேரத்தை எண்ணிய அலகான, விநாடியில் பத்தில் ஒரு பங்கை 24 பிட்டில் துல்லியமாக எழுத முடியாது. அந்தச் சிறு பிழை சேர்ந்து சேர்ந்து 0.34 விநாடி ஆகியிருந்தது. அந்நேரத்தில் எதிரியின் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். பேட்ரியட் தவறான இடத்தில் தேடியது, ஸ்கட் படைவீரர் தங்குமிடத்தில் விழுந்தது, 28 பேர் இறந்தார்கள். ‘மிக நீண்ட நேரம்’ ஓடவிட வேண்டாம் என்று மட்டும் படையினருக்குச் சொல்லப்பட்டிருந்தது. எத்தனை மணி நேரம் என்பது சொல்லப்படவில்லை. திருத்திய மென்பொருள் மறுநாள்தான் வந்து சேர்ந்தது. 2015-இல் போயிங் 787 விமானங்களுக்கும் இதே வகை எச்சரிக்கை வந்தது. ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் அணையாமல் ஓடினால் விமானத்தின் மாறுதிசை மின்சாரம் முழுவதும் போய்விடலாம் என்றும், அதற்குள் அணைத்து எழுப்ப வேண்டும் என்றும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவிட்டது. 31 பிட்டில் நூறில் ஒரு விநாடியை எண்ணினால் வருவதும் 248 நாள்தான்.

சரி, கணினி ஓடுகிறது. அதற்குள் நமக்கு வேண்டிய நிரல் ஓடுகிறதா என்பது தனிக் கேள்வி. பின்னணிச் சேவைகள் என்ற ஏற்பாடு இந்தக் கேள்விக்காகப் பிறந்தது. 1963 வாக்கில் எம்.ஐ.டி.யில் மேக் திட்டத்தில் வேலை செய்தவர்கள், யாரும் கேட்காமல் பின்னால் உழைக்கும் நிரல்களுக்கு ‘டீமன்’ என்று பெயர் வைத்தார்கள். இயற்பியலில் வரும் மேக்ஸ்வெல்லின் பூதத்தை மனதில் கொண்டு வைத்த பெயர் அது. பிறகு யூனிக்ஸ் வந்த காலத்தில் பல டெர்மினல்கள் தொலைபேசி வழியாக இணையும். லைன் அறுந்தால் யூனிக்ஸ் அந்த டெர்மினலில் தொடங்கிய நிரல்களுக்கு ‘ஹேங்அப்’ என்ற சமிக்ஞையை அனுப்பும், அவை செத்துவிடும். அதைத் தவிர்க்க ‘நோஹப்’ என்ற கட்டளை வந்தது. இன்றும் அவசரத்துக்கு அதைப் போட்டு நிரலைப் பின்னால் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். கணினி ரீபூட் ஆனால் அந்த நிரல் திரும்ப வராது, அதை யாரும் எங்கேயும் எழுதி வைத்திருக்கவும் மாட்டார்கள்.

முறையான சேவையாக எழுதினால் நான்கு நன்மைகள் கிடைக்கின்றன. கணினி எழும்போது தானே எழும், எதற்குப் பின் எது என்ற வரிசை இருக்கும், லாக் ஓரிடத்தில் சேரும், விழுந்தால் மீண்டும் தொடங்கும். விண்டோஸ் என்டி 1993-இல் வந்தபோதே சர்வீஸ் மேலாளரோடு வந்தது. லினக்ஸில் 2010-இல் லெனார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் தொடங்கிய ‘சிஸ்டம்டி’ பெரும் சண்டைகளுக்குப் பிறகு பரவலாக நிலைபெற்றது. சிஸ்டம்டி வந்த பிறகு ஒரு நிரலைச் சேவையாக்க பத்து வரிக் கோப்பு போதும் என்றானது. இது பெரிய முன்னேற்றம் என்பதே என் கருத்து.

ஆனால் அந்தப் பத்து வரியில் பலரும் யோசிக்காமல் போடும் வரி ஒன்று இருக்கிறது: எப்போது விழுந்தாலும் தொடங்கு. நல்ல எண்ணம்தான். 10 விநாடிக்குள் 5 முறை விழுந்தால் சிஸ்டம்டி முயற்சியைக் கைவிட்டு, சேவை தோற்றது என்று அறிவிக்கும். ஆனால் மெமரி கசிந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழும் நிரல் அந்த எல்லையைத் தொடவே தொடாது. ஒவ்வொரு முறையும் கணநேரத்தில் எழுந்துவிடும். ‘இயங்குகிறது’ என்று பச்சை எழுத்தில் காட்டும். கணினியின் அப்டைமோ ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் பாதியில் நின்ற பணப்பரிமாற்றமும், தொலைந்த கோரிக்கையும், ‘எப்போதாவது ஒருமுறை இப்படி ஆகிறது’ என்ற வாடிக்கையாளர் புகாரும் யார் கணக்கிலும் வராது. எத்தனை முறை எழுப்பினோம் என்பதை சிஸ்டம்டி எண்ணி வைத்திருக்கிறது, கேட்டால் சொல்லும். கேட்பவர்கள்தான் குறைவு.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நடந்தது இது. ஒரு சர்வர் 600 நாளுக்கு மேல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி எங்களுக்குப் பெருமை. ஒருநாள் மின்தடை நீண்டு, யூ.பி.எஸ். பேட்டரி தீர்ந்து, அணைந்தது. மின்சாரம் திரும்பியதும் கணினி எழுந்தது, பில் போடும் மென்பொருள் எழவில்லை. அதை ஒன்றரை வருடத்துக்கு முன்பு யாரோ கையால் தொடங்கியிருந்தார்கள். பிறகு வேலையை விட்டுப் போயிருந்தார்கள். எந்த அடைவில் இருக்கிறது, என்ன அளவுருக்கள் கொடுக்க வேண்டும், முதலில் எந்த டேட்டாபேஸ் எழ வேண்டும் என்று ஒன்றும் எழுதியில்லை. காலை 9 மணிக்குத் தொடங்கிய தேடல் மாலை வரை நீண்டது. அந்த 600 நாளும் எங்கள் அறியாமையைச் சேர்த்து வைத்த நாட்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வருடத்தில் 99.9 சதவீத நேரம் சேவை இருக்கும் என்று வாக்குக் கொடுத்தால் 8 மணி 45 நிமிடம் அது இல்லாமல் போகலாம். 99.99 என்றால் 52 நிமிடம். இந்த நிமிடங்களைக் கணினியின் அப்டைமிலிருந்து கணக்கெடுக்கக்கூடாது. வெளியிலிருந்து ஒரு சோதனை நிரல் வாடிக்கையாளரைப் போல உள்ளே வந்து, உண்மையில் பில் போட முடிகிறதா என்று பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். இரண்டு கணினிகள் இருந்தால் ஒன்றை ரீபூட் செய்யும்போது மற்றது வேலை பார்க்கும், வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது. கணினி ஆய்வாளர்கள் ஜார்ஜ் காண்டியாவும் அர்மாண்டோ ஃபாக்ஸும் 2003-இல் எழுதிய கட்டுரை, விழுந்து எழுவதையே இயல்பான தொடக்க முறையாகக் கொண்டு நிரல் எழுத வேண்டும் என்று வாதிட்டது. நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்த சர்வர்களை வேலை நேரத்திலேயே தாறுமாறாக நிறுத்தும் ‘கேயாஸ் மங்கி’ என்ற கருவியைச் செய்து வைத்துக்கொண்டது. சிறிய அலுவலகத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

உங்கள் பொறுப்பில் ஒரு சர்வர் இருந்தால் இதை மட்டும் செய்யுங்கள். இந்த மாதத்தில் ஒரு நாளை நீங்களே தேர்ந்தெடுங்கள். முந்தின இரவு பேக்கப் எடுத்து, அது திறக்கிறதா என்று பாருங்கள். காலையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு ரீபூட் செய்யுங்கள். கையை விசைப்பலகையில் வைக்காமல் பத்து நிமிடம் காத்திருங்கள். அதற்குள் தானாக எழாத சேவை எது என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள்.