வெள்ளித் தகடு முதல் அடையாள அட்டை வரை

1839 ஆகஸ்டு 19 அன்று வெள்ளித் தகட்டில் படமெடுக்கும் டாகெரின் முறையைப் பிரெஞ்சு அரசு பாரிசில் பகிரங்கமாக வெளியிட்டது. நான்கே ஆண்டுகளில் அது நம் பக்கம் வந்துவிட்டது. இரண்டு நிமிடத்தில் உருவப்படம், ஒருவருக்குப் பத்து டாலர் என்று சிங்கப்பூர் லண்டன் ஹோட்டல்காரர் துத்ரொன்குவா 1843 டிசம்பரில் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். அதே ஆண்டில் எழுதி முடித்த தம் வாழ்க்கை வரலாற்றில், தகட்டில் பதிந்த சிங்கப்பூர்க் காட்சியைக் கண்டு வியந்ததைச் சொல்கிறார் மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா. நாகூர்த் தமிழ்ப்பெண் ஒருவரின் வழிவந்தவர் அவர்.

வெள்ளித் தகட்டுக்காரர்களுக்குக் கூர்மையே அளவுகோல். ஆனால் எடுத்த படத்துக்கு மறுபிரதி கிடையாது. இங்கிலாந்தில் டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற காகித நெகட்டிவ் அந்தக் குறையைப் போக்கியது. கூர்மை சற்று மங்கினாலும் எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். இதன் உச்சத்தைத் தமிழ்நாட்டில் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை லின்னேயஸ் டிரைப் 1858இல் வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப்படமாக்கினார். அழகுக்கு எடுத்த படமல்ல, எழுத்தைப் படிப்பதற்கு எடுத்தது. அந்தக் காலப் படங்களில் இதற்கு இணை சொல்வது கடினம்.

மூன்றாவது, 1851இல் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக்கண்ணாடி முறை. கண்ணாடியில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அப்புறம் முட்டை வெண்கரு பூசிய தாளை நெகட்டிவோடு சேர்த்து வெயிலில் வைத்து, நிறம் ஏறுவதைப் பார்த்துப் பார்த்து எடுத்து, தங்கக் கரைசலில் நனைத்து, பல தண்ணீரில் அலச வேண்டும். கழுவுவதில் சோம்பல் பட்டால் படம் சில ஆண்டுகளில் மஞ்சளித்துவிடும். அந்தக் காலத்துத் தரம் பாதிக்கு மேல் இந்தக் கைவேலையில்தான் இருந்தது.

அந்தக் கைகள் யாருடையவை? 1862இல் பினாங்குக்கு வந்த புகைப்படக்காரர் ஜான் தாம்சன், சீனர்கள் இது பேய்வேலை என்று ஒதுங்கியதால் மதராஸ்காரர் இருவரைப் பிரதி போடப் பழக்கியதாக எழுதியிருக்கிறார். தமிழர் என்றே கொள்ளலாம். தாம்சன் உலகப் புகழ் பெற்றார். அந்த இருவரின் பெயரை அவர் எழுதவில்லை.

அடுத்து வந்தது வணிக ஸ்டூடியோ. 1867இல் சிங்கப்பூரில் தொடங்கிய லம்பெர்ட் கம்பெனி கோலாலம்பூரிலும் கிளை வைத்தது. வேலை சுத்தம், அச்சு இன்றும் தெளிவு. ஆனால் விற்பனைக்கு எடுத்த ‘இனவகை’ப் படங்களில் இனத்துக்குப் பெயர் உண்டு, ஆளுக்குப் பெயர் இல்லை. தொழிலில் முதல்தரம், மரியாதையில் கடைத்தரம் என்றே சொல்ல வேண்டும்.

ஆளின் பெயரும் படமும் ஒன்றாகச் சேர்ந்தது 1948இல். மலாயாவின் அவசரகாலத்தில் 12 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் படத்துடன் அடையாள அட்டை கட்டாயமானது. தோட்டப்புறத்தில் பலருக்கு வாழ்நாளின் முதல் படமே அதுவாக இருந்திருக்கும்.

தெலுக் பங்லிமா காராங்கிலும் கேரித் தீவிலும் பழைய படங்கள் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: படத்தின் பின்பக்கம் பெயர், தோட்டம், ஆண்டு மூன்றையும் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள்.