பால் கக்கும் குழந்தைக்கு அமில மருந்து எதற்கு?

"கக்கின பிள்ளை தக்கும்" என்பது பழமொழி. பால் கக்குவதைக் கண்டு பதறாதே, பிள்ளை பிழைத்து வளரும் என்பது அதன் பொருள். இன்று அந்தப் பழமொழியின் இடத்தை ஒரு சிறு மருந்துப் புட்டி பிடித்துக்கொண்டிருக்கிறது. கடலூரானாலும் சிதம்பரமானாலும் கடைக்குப் போய், "மூன்று மாதக் குழந்தை, குடித்த பாலைத் தயிர் தயிராகக் கக்குகிறது" என்று சொல்லிப் பாருங்கள். சொட்டு மருந்தோ, சிரப்போ கைக்கு வந்துவிடக்கூடும். இந்த வழக்கம் அறிவியலின் தராசில் நிற்குமா என்று பார்ப்போம்.

முதலில், குழந்தை ஏன் கக்குகிறது? உணவுக்குழல் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை உண்டு. உணவு இறங்கியதும் மேலே திரும்பாமல் தடுப்பது அதன் வேலை. பிறந்த சில மாதங்களுக்கு இத்தசை அடிக்கடி தளர்ந்துகொள்கிறது. குழந்தையின் உணவோ முழுக்க நீர்மம். படுத்த நிலையோ நாள் முழுதும். அளவையும் எண்ணிப் பாருங்கள். 5 கிலோ எடையுள்ள குழந்தை நாளொன்றுக்குச் சுமார் 750 மில்லி பால் குடிக்கிறது. இதே விகிதத்தில் 60 கிலோ எடையுள்ள நீங்கள் 9 லிட்டர் குடிக்க வேண்டியிருக்கும்! கொஞ்சம் எதுக்களிப்பதில் வியப்பென்ன? உட்காரவும் நிற்கவும் பழகி, திட உணவும் சேரச் சேர இது தானே குறைகிறது. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் நின்றுவிடுகிறது.

இங்கேதான் தவறான முடிவு பிறக்கிறது. "மருந்து கொடுத்தோம், நின்றது" என்கிறோம். கத்திரி முடிந்து வெயில் தணிந்ததற்கு நாம் குடித்த இளநீரே காரணம் என்பது போன்றது இது. மருந்து இல்லாமலும் நிற்கக்கூடிய ஒன்று, மருந்தால்தான் நின்றது என்று எப்படி அறிவது? ஒரே வழி ஒப்பிட்டுப் பார்ப்பது.

அவ்வாறு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2009இல் வெளியாயிற்று. எதுக்களிப்பால் பால் குடிக்கும்போதும் குடித்த பின்னும் அழுத, ஒரு வயதுக்குட்பட்ட 162 குழந்தைகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு லான்சோபிரசோல் என்னும் அமிலக் குறைப்பு மருந்து. மற்றதற்கு வெறும் போலி மருந்து. யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. நான்கு வாரம் வரை பார்த்ததில், மருந்துப் பிரிவில் 54 விழுக்காட்டினருக்குக் குணம் தெரிந்தது. போலி மருந்துப் பிரிவிலும் அதே 54 விழுக்காடுதான்! ஆனால் கடுமையான பக்க விளைவுகள், குறிப்பாக நுரையீரல் தொற்றுகள், மருந்துப் பிரிவில் 10 குழந்தைகளுக்கும் மற்றதில் 2 குழந்தைகளுக்கும் கண்டன.

இது புரியாத புதிர் அன்று. அமில மருந்து அமிலத்தைக் குறைக்குமே தவிர, தளர்ந்த தசையை இறுக்காது. பால் முன்போலவே மேலே வரும். புளிப்பு மட்டும் குறைந்திருக்கும். அமிலமோ வீணாகச் சுரப்பதன்று. உணவோடு நுழையும் கிருமிகளைக் கொல்லும் காவலாளி அது. வயிற்றுப்போக்கு இன்னும் குழந்தைகளை வாட்டும் நம் ஊர்களில், காரணமின்றிக் காவலாளியை விலக்குவது அறிவுடைமை ஆகாது.

மற்ற மருந்துகளின் வரலாறும் எச்சரிக்கையாகவே இருக்கிறது. இரைப்பையை விரைந்து காலி செய்யும் என்று குழந்தைகளுக்குத் தரப்பட்ட சிசாபிரைடு, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைப்பது தெரிந்து 2000இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியது. இந்தியாவில் அதற்குத் தடை வந்தது 2011இல். இடைப்பட்ட 11 ஆண்டுகளுக்கு யார் விடை சொல்வது? அதே வேலைக்குத் தரப்படும் டாம்பெரிடோன் பற்றியும் இதயம் குறித்த ஐயம் எழுந்தது. 2019இல் பிரிட்டன் அதைப் 12 வயதுக்குட்பட்டோருக்குத் தர வேண்டாம் என்றது. ரானிடிடின் மருந்தில் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய மாசு கண்டு, 2020இல் அமெரிக்கா அதை விலக்கச் சொன்னது. 2022இல் நம் நாட்டின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. பட்டியல் நீக்கம் தடை அன்று என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அப்படியானால் மருந்தே கூடாதா? அதுவும் தவறு. அமிலம் உணவுக்குழலைப் புண்ணாக்கிய குழந்தைக்கு, டாக்டர் கணக்கிட்டுத் தரும் அமில மருந்து, குறித்த வாரங்களுக்கு, உண்மையிலேயே பயன் தரும். பழமொழிக்கும் எல்லை உண்டு. பச்சை நிறமாகவோ இரத்தம் கலந்தோ வாந்தி எடுத்தாலும், பிறந்த சில வாரங்களில் பால் பீறிட்டு அடித்தாலும், எடை ஏறாவிட்டாலும், பால் குடிக்க மறுத்தாலும் காத்திருக்கக் கூடாது. பச்சை வாந்தி குடல் அடைப்பின் அடையாளமாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனை சேர வேண்டும். கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அண்ணாமலை நகரில் 1985இல் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று அரசுக் கல்லூரியாக விளங்கும் மருத்துவமனையும் இருக்கிறது.

மற்றபடி, கக்கினாலும் சிரித்து விளையாடி எடை ஏறும் குழந்தைக்கு வேண்டியது எளிய கவனிப்பே. புட்டிப்பால் என்றால் அளவைக் குறைத்துப் பல தடவையாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யுங்கள். தூங்கும்போது மல்லாக்கவே கிடத்துங்கள்.

மருந்துச் சீட்டு கைக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது எந்த நோய்க்கு? எத்தனை நாளுக்கு? கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? நல்ல டாக்டர் இவற்றுக்கு மகிழ்ந்து விடை சொல்வார். விடை கிடைக்காத மருந்தைக் குழந்தையின் வாயில் ஊற்ற அவசரம் என்ன?