அக்சாள் கேட்ட ஊற்று

மல்லாங்கிணறு பக்கத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் எதையாவது வாசித்துப் பாருங்கள். கரிசல் காடு அண்ணன் பேரில் இருக்கும். அதிலுள்ள கிணற்றில் நாலில் ஒரு பங்கு தம்பிக்கு. வண்டிப்பாதை எல்லாருக்கும் பொது. ஒரே நிலத்தில் மூன்று பாத்தியதை. அதை முரண் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. இந்தக் கண்ணோடு, இஸ்ரவேல் கோத்திரங்களுக்கு நிலம் பங்கிடும் பைபிளின் யோசுவா புத்தகத்தைத் திறந்தால் தனி ருசி.

14-ஆம் அதிகாரத்தில் எபிரோன் 85 வயதுக் காலேபுக்குச் சுதந்தரமாகிறது. 21-ஆம் அதிகாரத்தில் அதே எபிரோன் ஆசாரியப் பணிக்குரிய லேவியருக்குப் போகிறது. திகைக்கும் முன்பே அடுத்த வசனம் வந்துவிடுகிறது: பட்டணத்தின் வயல்களும் கிராமங்களும் காலேபுக்கே. ஊர் அவர்களுக்கு, காடு இவருக்கு. பின்னால் வழக்கு வரும் என்று தெரிந்த பத்திர எழுத்தரின் கவனம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

பெயெர்செபா யூதாவின் பட்டியலிலும் உண்டு, சிமியோனின் பட்டியலிலும் உண்டு. யூதாவின் பங்கு மிஞ்சியிருந்ததால் சிமியோனுக்கு அதற்குள்ளேயே இடம் கிடைத்தது என்று 19:9 சொல்லிவிடுகிறது.

எருசலேம் அப்படி இணங்குவதில்லை. அங்கே குடியிருந்த எபூசியரைத் துரத்த முடியாமல் போனது யூதாவுக்கு என்கிறது யோசுவா 15:63. பென்யமீன் துரத்தவில்லை என்கிறது நியாயாதிபதிகள் 1:21. வாசகம் ஏறக்குறைய ஒன்றே, கோத்திரத்தின் பெயர்தான் வேறு. ஆனால் 15:8-இல் எல்லை போகும் போக்கைப் பாருங்கள். இன்னோம் பள்ளத்தாக்கில் ஏறி, எபூசியர் ஊருக்குத் தென்புறமாகவே ஒதுங்கிப் போகிறது. செக்குபந்தி எழுதும் துல்லியம்! பட்டணம் பென்யமீன் பக்கம். யூதாவின் எல்லை அதன் ஓரம்வரை. இரண்டு பங்காளிகளும் அங்கே தோற்றார்கள் என்றே வாசிக்கிறேன். முடிச்சு முழுதும் அவிழ்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

என் மனம் நிற்பது காலேபின் மகள் அக்சாளிடம். தெபீர் பட்டணத்தைப் பிடித்த ஒத்னியேலின் மனைவி. வயல் கேட்கும்படி கணவனை ஏவியவள், கழுதையிலிருந்து இறங்கித் தகப்பனிடம் தானே கேட்டுவிடுகிறாள்: தந்தது வறண்ட நிலம், தண்ணீரும் வேண்டும். மேல் ஊற்று, கீழ் ஊற்று இரண்டையும் கொடுக்கிறார் காலேப். புஞ்சையைத் தந்து தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் பாகம் எப்படிப்பட்டது என்று மானாவாரி ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

21:15-இல் தெபீரும் லேவியருக்குப் போகிறது. எபிரோனுக்குப் போட்ட விளக்க வரி இங்கே இல்லை. அக்சாள் கேட்டது ஊரை அல்ல, வயலையும் ஊற்றையும். அவை அவளிடமே இருந்தன என்றுதான் நான் கொள்கிறேன்.