பந்து உருளட்டும்

டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானத்தில் தோள்பலத்துக்கு மரியாதை குறைவு. பந்து போக வேண்டிய புல்வெளிப் பாதையான ஃபேர்வே ஒடுக்கம், இரண்டு பக்கமும் முள்புதர். அதற்குள் போன பந்தைத் தேடிக் கண்டுபிடித்தாலும், அங்கே நின்று மட்டையை வீச இடம் இருக்காது. வேறு ஊர்களில் 300 கெஜம் அடித்துப் பழகியவர்கள்கூட இங்கே பல குழிகளில் தூர அடிக்கான டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு, குறைந்த தூரத்துக்கான அயர்னை எடுக்கிறார்கள். முதல் அடி குறைந்தால் இரண்டாவது அடி நீளும். நீண்ட அடி, குழி இருக்கும் கிரீனில் தங்காமல் ஓரத்தில் போய் உட்காரும். ஆகவே இந்த மைதானத்தில் யார் ஜெயிப்பார் என்பது கிரீனைச் சுற்றியுள்ள பத்துப் பதினைந்து கெஜத்தில் முடிவாகிறது.

அந்தப் பத்துப் பதினைந்து கெஜத்தில் இந்தியா கண்ட மிகச் சிறந்த கைக்காரர் எஸ்.எஸ்.பி. சௌரசியா. கொல்கத்தாக்காரர், ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்த ஊழியரின் மகன். பயிற்சியாளர் வைத்துக் கற்றவரல்ல, பார்த்துப் பார்த்துக் கற்றவர். 2008 பிப்ரவரியில் ஐரோப்பிய டூரின் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை இதே லோதி மைதானத்தில் இரண்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். 2015-ல் இங்கே நடந்த இந்தியன் ஓபனில் அனிர்பன் லாஹிரியிடம் பிளே-ஆஃபில் தோற்றார். அடுத்த ஆண்டே, அதே இடத்தில், அதே கோப்பையை எடுத்தார். 2017-ல் போட்டி குருகிராமின் டிஎல்எஃப் மைதானத்துக்குப் போனபோது ஏழு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் தக்கவைத்துக்கொண்டார். 2011-ல் வென்ற அவந்தா மாஸ்டர்ஸும் குருகிராமில்தான். ஐரோப்பிய டூரில் அவருடைய நான்கு பட்டங்களும் டெல்லியிலும் அதை ஒட்டிய குருகிராமிலும் கிடைத்தவை. உயரம் குறைந்தவர், தூரம் அடிப்பவர்களின் வரிசையில் என்றும் இருந்ததில்லை. சிப்பும், கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டும்தான் அவர் சொத்து. சக ஆட்டக்காரர்கள் அவரைச் செல்லமாக 'சிப்பட்சியா' என்றே அழைத்தார்கள்.

கிரீனுக்குச் சற்று வெளியே கிடக்கும் பந்தைக் கொஞ்சமாக எழுப்பி, கிரீன்மேல் ஓரிடத்தில் இறக்கி, மிச்சத் தூரத்தை உருளவிடுவதுதான் சிப். பறப்பது கொஞ்சம், உருள்வது அதிகம். இது தலைகீழானால், அதாவது பறப்பது அதிகமாகி உருள்வது குறைந்தால், அது பிட்ச். தெருவில் கோலி ஆடியவர்களுக்கு இது புதிதல்ல: குழிக்குள்ளேயே கோலியைப் போட முயல்பவன் தோற்பான், குழிக்கு முன்னால் எங்கே விழுந்தால் தானாக உருண்டு போகும் என்று பார்ப்பவன் ஜெயிப்பான். கோல்ஃபில் குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர். இருபது கெஜம் தள்ளி நின்று பார்க்கையில் அந்தக் குழி கண்ணுக்கே சரியாகத் தெரியாது. நல்ல சிப்பர் அதைக் குறிவைப்பதுமில்லை. கிரீனின் சரிவைப் பார்க்கிறார், புல்லைப் பார்க்கிறார், நடுவில் ஒரு கைக்குட்டை அளவுக்கு ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அவர் ஆடுவது அந்தக் கைக்குட்டைக்காக. பந்து அங்கே விழுந்துவிட்டால் மீதியைத் தரை பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கலையின் ரசனை அந்தத் தேர்வில்தான் இருக்கிறது என்பேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும்போது, ஆட்டக்காரர் மட்டையை எடுப்பதற்கு முன்பே நாமும் மனதுக்குள் ஓரிடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கச் சரிவு இவ்வளவு, பந்து இங்கே விழும், இப்படி வளையும் என்று. பிறகு அவர் எங்கே இறக்குகிறார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் நாம் நினைத்ததற்கு இரண்டு கெஜம் முன்னால், இன்னும் தாழ்வாக இறக்குவார். பந்து தயங்குவதுபோல் ஊர்ந்து, கடைசி ஒரு முழத்தில் குழியின் பக்கம் திரும்பும். அந்த இரண்டு கெஜ வித்தியாசத்துக்குள் இருபது வருஷப் பழக்கம் இருக்கிறது.

செய்முறை எளிமையானது, அதனால்தான் பலருக்குக் கைகூடுவதில்லை. கால்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். வலக்கை ஆட்டக்காரரானால் உடல் எடை இடது காலில் தங்க வேண்டும், கடைசிவரை அங்கேயே இருக்க வேண்டும். பந்து நடுவிலிருந்து ஒரு சிட்டிகை பின்னால். கைகள் பந்தைவிடச் சற்று முன்னால். மணிக்கட்டு பேசாமல் இருக்க, தோள்கள் மட்டும் ஊசலாட வேண்டும். கெடுப்பது ஒரே ஒரு ஆசை: பந்தை நாம்தான் தூக்கிவிட வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசை வந்ததும் எடை பின்காலுக்குப் போகிறது, மணிக்கட்டு மடங்கி அள்ளப் பார்க்கிறது, வீச்சின் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுகிறது. ஒன்று மட்டை மண்ணில் குத்தி பந்து இரண்டடி தள்ளிப் படுத்துக்கொள்ளும். இல்லை, மட்டையின் விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டு அது கிரீனைத் தாண்டி அந்தப் பக்க மணல் பங்கருக்குள் ஓடும். பிட்ச்சிங் வெட்ஜ் மட்டையின் முகம் ஏற்கனவே 45 பாகை அளவுக்குச் சாய்ந்திருக்கிறது. தூக்கும் வேலையை அந்தச் சாய்வு செய்யும். நாம் செய்ய வேண்டியது கீழ்நோக்கி வருவது மட்டுமே.

எந்த மட்டை என்பதில் இரண்டு பள்ளிகள் உண்டு. வீச்சை மாற்றாதே, மட்டையை மாற்று என்பது ஒன்று. சமதளமான, நடுத்தர வேகமுள்ள கிரீனில் பிட்ச்சிங் வெட்ஜால் ஒரு பங்கு பறந்தால் சுமார் இரண்டு பங்கு உருளும். 9 அயர்னில் மூன்று, 8-ல் நான்கு, 7-ல் ஐந்து. இந்தக் கணக்கு கைவசம் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிறவர்களின் பாதி பயம் போய்விடும். மற்றது, ஒரே மட்டையை வைத்துக்கொண்டு அதன் முகத்தைத் திறந்தும் மூடியும் எல்லாவற்றையும் செய்வது. ஸ்பெயினின் செவே பாலஸ்டெரோஸ் சிறுவனாகப் பெத்ரேன்யா கடற்கரை மணலில் ஒற்றை 3 அயர்னை வைத்துக்கொண்டு ஆடிக் கற்றது இரண்டாவது பள்ளிக்குப் புகழ்பெற்ற சான்று. ரசிகனாக என் மனம் செவேயிடம். கற்றுக்கொள்பவருக்கு நான் சொல்வது முதல் பள்ளியை.

டெல்லியில் சிப்பிங்கைப் பற்றிப் பேசிவிட்டுப் புல்லைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வட இந்திய மைதானங்களில் பரவலாக இருக்கும் பெர்முடா வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும்தான். கோடையிலும் மழையிலும் செழிக்கும் இந்தப் புல் டிசம்பர் குளிரில் உறங்கிவிடும். வைக்கோல் நிறமாகிப் படுத்துவிடும். அப்போது பந்து மெத்தைமேல் இல்லாமல் வெறுந்தரையில் கிடப்பதுபோல் கிடக்கும். வெட்ஜின் அடிப்பாகம் கொஞ்சம் புடைத்திருக்கும். மண்ணில் குத்தாமல் வழுக்கிச் செல்வதற்காக வைத்த அந்தப் புடைப்புக்கு பவுன்ஸ் என்று பெயர். மழைக்கால ஈரத்தில் பவுன்ஸ் அதிகமுள்ள மட்டை காப்பாற்றும். ஜனவரியின் இறுகிய தரையில் அதே மட்டை துள்ளி, விளிம்பைப் பந்தின் நடுவில் கொண்டுபோய் இடிக்கும். காலை எட்டு மணிக்குப் பனி ஈரத்தில் பாதியிலேயே நின்றுபோகும் சிப், வெயில் ஏறிய பிற்பகலில் குழியைத் தாண்டி ஓடும். ஒரே நாளில் ஒரே கிரீன் இரண்டு கிரீனாக இருக்கும் ஊர் இது.

இன்னொன்று, புல்லின் சாய்வு. பெர்முடா ஒரு திசையில் படுத்து வளரும். நாம் நிற்கும் இடத்திலிருந்து பளபளப்பாகத் தெரிந்தால் அது நம்மைவிட்டு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். மங்கலாக, அடர்ந்த நிறத்தில் தெரிந்தால் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பந்தும் தயங்கும், அதைவிட முக்கியமாக மட்டையின் விளிம்பும் சிக்கும். எதிர்ச்சாய்வில் பந்து கிடந்தால் வீரம் காட்டாமல் பட்டரை எடுத்து வெளியிலிருந்தே உருட்டிவிடுவது புத்திசாலித்தனம். பார்க்க அழகாக இருக்காதே என்பார்கள். குழிக்குப் பக்கத்தில் போய் நின்ற பந்தைவிட அழகானதை இந்த ஆட்டத்தில் நான் பார்த்ததில்லை.

உருளும் பந்தின்மேல் இந்த மைதானத்துக்கு உள்ள பற்றுக்கு வரலாறும் உண்டு. 1964-ல் முதல் இந்தியன் ஓபன் இங்கேதான் நடந்தது. வென்றவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன். அந்தப் போட்டி உருவாகவே முன்னின்றவர்களில் ஒருவர். பிரிட்டிஷ் ஓபனை ஐந்து முறை வென்றவர். கடலோர லிங்க்ஸ் மைதானங்களின் இறுகிய தரையில், காற்றுக்கு அடியில் பந்தைத் தாழ்த்தி ஓடவிடுவதில் அவருக்கு இணை சொல்வது கடினம். 1970களின் பிற்பகுதியில் லோதி மைதானத்தைத் திருத்தி அமைத்தவரும் அவரே. 2019-ல் தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் கேரி பிளேயரின் கை பட்டு கிரீன்கள் புதிதாயின. பிற்கால முகலாயர்களின் சிவப்புக்கல் கல்லறைகளான லால் பங்களா, மரங்களுக்கிடையே மயில்கள், எல்லாம் சேர்ந்திருக்கும் இந்த இடத்தில் அவசரம் யாருக்கும் வராது. அவசரமின்மை சிப்பிங்குக்கு முதல் தகுதி.

எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி லட்சக்கணக்கான அடிகளின் பதிவுகளை ஆராய்ந்து, நல்ல ஆட்டக்காரருக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீண்ட அடிகளிலிருந்தே வருகிறது என்று 2014-ல் வெளியான புத்தகத்தில் காட்டினார். கிரீனைச் சுற்றித்தான் ஆட்டம் என்ற பழைய நம்பிக்கைக்கு அது பலத்த அடி. அவர் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அது சராசரியின் கணக்கு. தூரத்துக்கு வேலியிட்ட மைதானத்தில், அழுத்தம் ஏறிய கடைசி நாளில், சராசரி ஆடுவதில்லை. ஓர் ஆள் ஆடுகிறார். 1938-ல் அமெரிக்காவின் பிஜிஏ சாம்பியன்ஷிப் இறுதியில், தூரத்தில் தன்னை வெகுவாக முந்திய சாம் ஸ்னீடைக் குள்ளமான பால் ரன்யன் 8-க்கு 7 என்று, அதாவது 7 குழிகள் மீதமிருக்கும்போதே 8 குழி முன்னிலையோடு, வீழ்த்தினார். குழிக்குக் குழி வெற்றியை எண்ணும் மேட்ச் பிளேயில் அது பெருந்தோல்வி. நம் காலத்தில் பெங்களூரின் அதிதி அசோக் இருக்கிறார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் களத்திலேயே மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவர் அவர். கிரீனிலும் அதன் ஓரத்திலும் காட்டிய கைத்திறத்தால் கடைசிக் குழிவரை பதக்கப் போட்டியில் நின்றார். ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வெண்கலம் போனது, நான்காம் இடம்.

நீண்ட அடியைக் கற்க வாளி வாளியாகப் பந்து வேண்டும், 250 கெஜம் திறந்த வெளி வேண்டும், உடம்புக்கு அளந்து செய்த மட்டை வேண்டும். சிப்பிங்குக்கு ஒரு பழைய வெட்ஜும் பத்தடிப் புல்லும் போதும். அதனால்தான் இந்தியாவில் இந்தக் கலை, ஆட்டக்காரரின் மட்டைப்பையைச் சுமக்கும் கேடிகளிடமும் புல்வெட்டுபவர்களின் பிள்ளைகளிடமும் செழித்தது. டெல்லி கிளப்பில் கேடியாக இருந்து வளர்ந்த அலி ஷேர், 1991-ல் அதே மைதானத்தில் இந்தியன் ஓபனை வென்றார். அந்தக் கோப்பையை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். 1993-லும் வென்றார். கிளப்பின் உறுப்பினர் பட்டியலில் இடம்பெற முடியாத வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கிளப்பின் கிரீன்களை உறுப்பினர்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். இந்தியக் கோல்ஃபின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைத் தனி அத்தியாயமாகவே எழுத வேண்டும்.

உறுப்பினராக இல்லாதவர்களுக்கு டெல்லியில் வழி உண்டு. லாடோ சராயில், குதுப் மினார் தெரியும் தூரத்தில், டெல்லி வளர்ச்சி ஆணையம் நடத்தும் பொது மைதானம் இருக்கிறது. கட்டணம் செலுத்தி யாரும் ஆடலாம். அங்கே போனாலும் சரி, சென்னையில் நந்தனம் கோல்ஃப் மைதானத்துக்குப் போனாலும் சரி, இந்தப் பயிற்சியைச் செய்து பாருங்கள். கையில் ஒரே ஒரு பந்து. கிரீனைச் சுற்றி ஒன்பது இடங்கள்: சில சுலபமானவை, சில கடினமானவை, ஒன்றிரண்டு எதிர்ச்சாய்வில். ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரு சிப், பிறகு பட்டரால் குழிக்குள் போடும்வரை. இடத்துக்கு இரண்டு ஸ்ட்ரோக் என்று வைத்தால் மொத்தம் 18. ஒரே இடத்திலிருந்து ஐம்பது பந்தை அடுத்தடுத்து அடிப்பதில் கை மட்டும் பழகும்; ஒன்பது இடத்தில் ஒற்றைப் பந்தோடு நிற்கும்போது கண்ணும் பழகும், தவறினால் திரும்பக் கிடைக்காது என்ற பயமும் பழகும். முதல் நாள் 24 வந்தால் வருத்தப்பட வேண்டாம். எண்ணிக்கையை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பயிற்சித் திடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் முதல் அரை மணி நேரத்தை இதற்குக் கொடுங்கள். வாளிப் பந்து வாங்குவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.