எந்த வளையத்தை அழுத்துவது?

மெக்கானிக் வேலையில் எஞ்சின் இறக்குவதற்குத்தான் பேர். அதைப் பார்க்க நாலு பேர் கூடிவிடுவார்கள். வீல் பேரிங் மாற்றுவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் நின்று பார்க்க வேண்டியது இதைத்தான். காது, விரல், நிதானம் மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கிறதா என்பது இந்த ஒரு வேலையில் தெரிந்துபோகும்.

வெளியே ஒரு எஃகு வளையம், உள்ளே ஒன்று, நடுவே குண்டுகள், கொஞ்சம் கிரீஸ், ஓரத்தில் சீல். பேரிங் என்பது அவ்வளவுதான். சின்னக் காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 500 தடவைக்கு மேல் சுற்றும். லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் ஒவ்வொரு பேரிங்கும் 5 கோடிச் சுற்றுக்கு மேல் பார்த்திருக்கும். காரின் கனம், பள்ளத்தில் விழும் அடி, வளைவில் பக்கவாட்டாகத் தள்ளும் விசை எல்லாமே அந்தந்த நொடியில் சில குண்டுகள் தொடும் கடுகளவு இடத்தில்தான் இறங்குகின்றன. குண்டு வைக்கும் யோசனை பழையது. வேல்ஸ் நாட்டுக் கார்மார்த்தனில் பிலிப் வாகன் 1794-இலேயே வண்டி அச்சில் குண்டு வைக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் ஒரு குண்டு மயிரிழை பெரிதாக இருந்தாலும் பாரம் முழுவதும் அதன் தலையில் விழும். ஜெர்மனியில் ஷ்வைன்ஃபுர்ட் ஊர்க்காரர் ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர் 1883-இல் குண்டுகளை ஒரே அளவாக, சுத்த உருண்டையாகத் தேய்க்கும் இயந்திரத்தைச் செய்த பிறகுதான் அந்த யோசனைக்கு வாழ்வு வந்தது.

தேய்ந்த பேரிங் முதலில் காதுக்குத்தான் பிடிபடும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பித்து, அடுத்த தெருவில் மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு உறுமல். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். டயர் சத்தம் என்று நினைத்துப் புது டயர் வாங்கிப் போட்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. காது பழகியவர் அவசரப்பட மாட்டார். ஓடுகிற வண்டியை நியூட்ரலில் விட்டுப் பார்ப்பார். எஞ்சின் சுருதி இறங்கியும் உறுமல் இறங்கவில்லை என்றால் எஞ்சின் நிரபராதி. சொரசொரத் தாரிலிருந்து புதுத் தாருக்கு ஏறும்போது டயர் சத்தம் மாறும், பேரிங் சத்தம் மாறாது. பிறகு காலியான சாலையில் ஸ்டியரிங்கை மெல்ல இப்படியும் அப்படியும் அசைப்பார். வலப்பக்கம் திருப்பினால் பாரம் இடச் சக்கரத்தில் ஏறும். அப்போது உறுமல் கூடினால் இடது பேரிங் மேல் சந்தேகம். சந்தேகம் மட்டும்தான். காருக்குள் சத்தம் திசை மாறிக் கேட்கும். சில பேரிங் நேர்மாறாகவும் பேசும். காதை மட்டும் நம்பி பேரிங் வாங்க ஆள் அனுப்புகிறவரை நான் பாதி மெக்கானிக் என்றே கணக்கு வைப்பேன்.

மீதிப் பாதி விரலில் இருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் உள்ளே உட்கார்ந்திருக்கும் பையனிடம், “தம்பி, பிரேக்கை மிதி” என்பார் மெக்கானிக். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் பக்கம் போக வேண்டும். சக்கரம் மாட்டும் ஹப்பையும் அதைத் தாங்கும் நக்கிளையும் பிரேக் ஒன்றாகக் கட்டிவிடுகிறது, அதனால் நடுவிலிருக்கும் பேரிங்கின் ஆட்டம் மறைந்துபோகிறது. காசு செலவில்லாத இந்தச் சோதனையைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. ஆட்டமே இல்லாமல் சத்தம் மட்டும் போடும் பேரிங்கும் உண்டு. அதற்கு ஒரு கையால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை லேசாகத் தொட்டுக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியாது. கெட்டது என்றால் மணல் அரைபடுவது விரல் நுனிக்கு வந்துவிடும்.

பேரிங்தான் என்று தெரிந்த பிறகு செய்யும் வேலை வண்டிக்கு வண்டி வேறு. பின்சக்கரம் தள்ளும் பழைய வண்டிகளில் முன்சக்கரத்துக்குப் பெரும்பாலும் கூம்பு உருளை வைத்த டேப்பர் பேரிங் ஜோடிதான். ஹென்றி டிம்கன் 1898-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வகை. அதற்குக் கிரீஸ் ஏற்றுவது தனி அழகு. இடது உள்ளங்கையில் ஒரு குவியல் கிரீஸை வைத்துக்கொண்டு, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுப்பார்கள். உருளைகளின் இடுக்கு வழியாகக் கிரீஸ் மறுபுறம் புழுப் புழுவாக எட்டிப் பார்க்கும்வரை விட மாட்டார்கள். அப்புறம் கொஞ்சம் திருப்பி அடுத்த இடம். மாட்டிய பின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி விரலால் பிடித்து, காட்டர் பின் போட வேண்டும். எவ்வளவு தளர்த்துவது என்று மேனுவலில் இருக்கும். இறுக்கம் போதும் என்பதைக் கை சொல்லும்.

இப்போது வரும் கார்களில் கிரீஸும் சீலும் உள்ளேயே வைத்து மூடின இரட்டை வரிசைப் பேரிங். சிலவற்றில் ஹப்போடு சேர்ந்தே வருகிறது. போல்ட்டைக் கழற்றி மாட்டினால் முடிந்தது, அதில் ரசிக்க அதிகமில்லை. பல சின்னக் கார்களின் முன்சக்கரத்தில் பேரிங்கை நக்கிளுக்குள் பிரஸ் வைத்து ஏற்ற வேண்டும். வித்தை அங்கேதான்.

ஆக்சில் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடுவார்கள், தூக்கிய பிறகு பிடிமானம் இருக்காது. பிரேக் காலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டுகிறாரா என்று பாருங்கள். ஆளின் தரம் அங்கேயே தெரியும். நக்கிள் பிரஸ்ஸுக்குப் போகிறது. ஹப்பைத் தள்ளியதும் பழைய பேரிங்கின் உள்வளையம் பல சமயம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதைக் கிரைண்டரால் முக்கால் ஆழம் கீறி, உளியால் ஒரே ஒரு தட்டு. ‘டிக்’ என்று பிளந்து கழன்றுவிடும். ஹப்பின் மேல் கீறல் விழாமல் நிறுத்துவதற்குத்தான் அனுபவம் வேண்டும்.

புதியதை ஏற்றும்போது ஒரே விதி. நக்கிளுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். பிறகு பேரிங் நகராமல் பிடிக்கும் சர்க்லிப்பை மாட்டி, ஹப்பை நுழைக்கும்போது உள்வளையத்துக்கு மட்டும் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பிரஸ்ஸின் டன் கணக்கான விசை குண்டுகள் வழியாகப் பாயும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். ஸ்வீடன் எஞ்சினியர் ப்ரினெல் 1900-இல் உலோகத்தின் கடினத்தை அளக்க இதைத்தான் செய்தார். எஃகுக் குண்டை அழுத்தி, விழுந்த பள்ளத்தை அளந்தார். சுத்தியலால் பேரிங் ஏற்றுகிறவர் அதே பரிசோதனையை உங்கள் காரில் உங்கள் செலவில் செய்கிறார்.

ஏபிஎஸ் உள்ள பல கார்களில் இன்னொரு சூட்சுமம் உண்டு. சென்சார் படிக்கும் காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். திருப்பிப் போட்டால் பேரிங் ஓடும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், வேலை முழுவதும் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் புது ஆக்சில் நட்டைப் போட்டு, காரின் கனம் சக்கரத்தில் இறங்குமுன் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். சின்னக் கார்களிலேயே அளவு 150 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். ‘கை இறுக்கம் போதும்’ என்பதற்கு இங்கே இடமில்லை.

கழற்றிய பேரிங்கைத் தூக்கிப் போடுமுன் வாங்கிப் பாருங்கள். ஓடுதடத்தில் ஒரு இடம் மட்டும் செதில் பெயர்ந்திருந்தால் வயசாகிப் போன சாவு. நீலம் பாரித்திருந்தால் சூடு. துரு இருந்தால் மழைத் தண்ணீர். சூடான ஹப் வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். குண்டுக்குக் குண்டு இருக்கும் அதே இடைவெளியில் வரிசையாகப் பள்ளங்கள் தெரிந்தால், போன தடவை மாற்றியவர் கையில் சுத்தியல் இருந்திருக்கலாம்.

ஆகவே வண்டியை விடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: பிரஸ் இருக்கிறதா, இல்லை லேத் பட்டறைக்குக் கொடுத்து அனுப்புவீர்களா? இரண்டில் எதைச் சொன்னாலும் நல்ல பதில்தான். “அதெல்லாம் எதுக்கு சார், தட்டியே ஏத்திடலாம்” என்றால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.