ஆங்கிலச் சொல்வகைப் பாகுபாடு: பொருளும் நடத்தையும்

சொற்களை எட்டு வகையாகப் பிரித்து ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் மரபு, ஆங்கிலத்தை ஆராய்ந்து கண்டதன்று. தயோனிசியஸ் திராக்ஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூலில் இடம்பெற்று, இலத்தீன் இலக்கணங்களின் வழியே வந்து சேர்ந்தது. இலத்தீனில் 'தி' போன்ற சார்புச்சொல் இல்லாமையால் அவ்விடத்தில் வியப்புச்சொல் புகுத்தப்பட்டது. எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. 1795இல் வெளிவந்த லிண்ட்லி மரேயின் ஆங்கில இலக்கணமோ ஒன்பது வகை என்றது.

இம்மரபின் பயனை மறுப்பதற்கில்லை. அகராதியைப் புரட்டவும் பிறிதொரு ஐரோப்பிய மொழியைக் கற்கவும் இக்கலைச்சொற்களே துணை; ஆள், இடம், பொருள் ஆகியவற்றின் பெயர் பெயர்ச்சொல் என்னும் வரையறையும் 'டாக்டர்', 'டேபிள்' ஆகியவற்றைப் பொறுத்தவரை தவறுவதில்லை. ஆனால், 'டிஸ்ட்ரக்ஷன்' (அழிவு) செயலையே குறித்தும் வினையாகாமல் பெயராக நிற்பது ஏன் என்று கேட்டால், அது ஒரு செயலின் பெயர் என்ற விடையே கிடைக்கும். அது பெயர்ச்சொல் என்பது முன்பே தெரிந்தவருக்கு மட்டுமே அவ்விடை உதவும்.

'ரவுண்ட்' என்னும் சொல் 'எ ரவுண்ட் டேபிள்' என்பதில் பெயரடையாகவும், 'தி ஃபைனல் ரவுண்ட்' என்பதில் பெயராகவும், 'ரவுண்ட் தி கார்னர்' என்பதில் முன்னிடைச்சொல்லாகவும் வருவதால், தொடரில் வைத்துப் பார்த்தே வகையை முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. சார்லஸ் ஃப்ரீஸ், பதிவுசெய்த தொலைபேசி உரையாடல்களை ஆராய்ந்து 1952இல் வெளியிட்ட நூலில், பழைய பெயர்களை அறவே விட்டு, சொற்கள் அமரும் இடத்தைக் கொண்டு நான்கு பெருவகைகளையும் பதினைந்து சிறு குழுக்களையும் வகுத்தார். துணிவான முயற்சிதான், ஆயினும் எண்ணாலும் எழுத்தாலும் சுட்டப்பட்ட வகைகளை நினைவில் வைப்பது எளிதன்று.

இடத்தை மட்டும் நம்புவதிலும் இடர் உண்டு. 'தி புவர்' (ஏழைகள்) என்பதில் 'தி'க்குப் பின் வருவதால் 'புவர்' பெயர்ச்சொல் போலத் தோன்றும். ஆனால் பன்மைப் பொருள் இருந்தும் அது பன்மை விகுதி ஏற்பதில்லை. பெயரடையைப் போலவே 'வெரி' என்னும் அடையை ஏற்று 'தி வெரி புவர்' என்றாகிறது. மறுபுறம், 'ஃபர்னிச்சர்' பன்மை விகுதி ஏற்காவிடினும் ஐயமின்றிப் பெயர்ச்சொல்லே. ஆகவே ஒரே சோதனையை வைத்துத் தீர்ப்பளிக்க இயலாது. பல சோதனைகளை ஒருசேர நோக்க வேண்டும். வினையடையின் நிலை இன்னும் மோசம்: 'குவிக்லி', 'வெரி', 'நாட்' என வேறிடம் கிடைக்காதவை எல்லாம் அங்கே ஒதுக்கப்பட்டுள்ளன.

2002இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் பேரிலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இச்சிக்கலைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினர். ஆங்கிலத்தில் எச்சொல் பெயர்ச்சொல் என்பதை அதன் இலக்கண நடத்தை முடிவுசெய்யும். அவ்வகைக்குப் பிற மொழிகளிலும் 'பெயர்ச்சொல்' என்றே பெயரிடுவது ஏன் என்பதைப் பொருள் விளக்கும். பள்ளி இலக்கணத்தின் பிழை பொருளைக் கூறியதிலன்று, இரண்டாம் வினாவுக்குரிய விடையை முதல் வினாவுக்குக் கொடுத்ததிலேயே இருக்கிறது.